கையும் சொல்லும் நிலமும்: வடபுலச் சாமியரின் கைவினை

(திங்கட் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

    

கைவினை என்றதும் நம் கண்முன் வந்து நிற்பது எது? கண்ணாடிப் பேழைக்குள் வைத்த ஒரு பொருள். அதன் அடியில் ஒரு சிறு சீட்டு. அச் சீட்டில் ஒரு பெயரும் ஓர் ஆண்டும். அன்றேல், சுற்றுலாவினர் கூடும் தெருவில் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட ஒரு பொருள். அதன் அடியிலும் ஒரு சீட்டு. அச் சீட்டில் விலை. இவ்விரண்டு சீட்டுகளுக்கும் இடையில் ஒரு மக்களினத்தின் வாழ்வே அகப்பட்டு நசுங்குவதுண்டு. அதனை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

அவ்வாறு அகப்பட்டும், அதனின்று மீண்டெழ அரை நூற்றாண்டாக இடைவிடாது முயன்றும் வருகின்ற ஓரினத்தைப் பற்றியே இன்று உங்கள்முன் பேச வந்துள்ளேன். அவ்வினத்தார் சாமியர். அவர்தம் கைவினைக்கு 'துவோச்சி' என்று பெயர். கை, சொல், நிலம் என்னும் மூன்றும் ஒருங்கு நிற்கும்வரைதான் ஒரு கைவினை உயிரோடிருக்கும்; மூன்றனுள் ஒன்று அற்றாலும் எஞ்சுவது வெறும் பொம்மையே என்பதைச் சாமியர் வரலாறு போல் தெளிவாகக் காட்டுவது பிறிதொன்றில்லை. அதனை எடுத்துக்காட்டுவதே என் நோக்கம்.

பெயரும் தாயகமும்

முதற்கண் ஒரு விளக்கம். 'சாமி' என்பது அவர்கள் தம்மைத் தாமே அழைத்துக்கொள்ளும் பெயர். நம் நாட்டில் கடவுளைக் குறிக்க வழங்கும் சொல்லுக்கும் அதற்கும் எவ்வகை உறவும் இல்லை. ஒலி ஒப்புமை ஒன்றே உள்ளது. பிறர் அவர்களை நெடுங்காலமாக 'இலாப்பர்' என்றழைத்து வந்தனர். அது பிறர் இட்ட பெயர். இழிவு தோய்ந்த பெயர் என்று சாமியர் அதனை ஏற்பதில்லை. ஓரினத்தை அவ்வினம் விரும்பும் பெயரால் அழைப்பதே பண்பாடு. ஆகவே சாமியர் என்றே நாமும் சொல்வோம்.

ஐரோப்பாவின் வடபுலத்தில், நார்வே, சுவீடன் நாடுகளின் நடுப்பகுதி தொடங்கி வடக்கே பின்லாந்தின் மேற்பகுதியையும், உருசியாவின் கோலா மூவலந்தீவையும் தழுவிக் கிடக்கும் பெருநிலம் அவர்தம் தாயகம். அதனைச் 'சாப்மி' என்பர். நான்கு நாடுகளின் எல்லைக் கோடுகள் பிற்காலத்தில் அதன்மேல் கிழிக்கப்பட்டன. மக்கள்தொகை 80,000 முதல் 1,00,000 வரை எனப் பொதுவாகக் கணிப்பர். அவர்கள் பேசுவன பின்னிய மொழிக்கு உறவான ஒன்பது மொழிகள். அவற்றுள் பெரியதான வடசாமி மொழியைப் பேசுவோர் ஏறத்தாழ 20,000 பேர். எஞ்சியவற்றுள் பலவற்றைப் பேசுவோர் சில நூற்றுவரே.

பனிமான் மேய்ப்பு ஒன்றே அவர்தம் தொழில் என்று பலர் கருதுவர். அது முழு உண்மையன்று. கடலோரத்தில் மீன்பிடித்தும் சிறு பயிர் செய்தும் வாழ்ந்தோர் மிகப் பலர். காட்டிலும் ஏரிக்கரையிலும் வேட்டையாடி வாழ்ந்தோரும் உளர். எனினும் கடுங்குளிரும் நீண்ட இருளும் எல்லார்க்கும் பொது. அந் நிலத்தில் கையால் செய்யத் தெரியாதவன் உயிர் வாழ இயலாது. குளிரைத் தாங்கும் காலணியைத் தைக்கத் தெரிந்த தாயே தன் குடும்பத்தைக் காத்தாள். ஆகவே அங்கே கைவினை என்பது ஓய்வு நேரப் பொழுதுபோக்காகத் தோன்றியதன்று; உயிர்வாழ்வின் அடிக்கல்லாகத் தோன்றியது.

'துவோச்சி' என்னும் சொல்

'துவோச்சி' என்னும் சொல்லைக் கைவினை என்று மொழிபெயர்ப்பது ஒருவாறு பொருந்துமேயன்றி முற்றும் பொருந்தாது. கையால் ஆக்கும் செயல், ஆக்கப்பட்ட பொருள், ஆக்கும் அறிவு ஆகிய மூன்றையும் அச் சொல் ஒருங்கே சுட்டும். அதனைச் செய்பவர் 'துவோயார்' எனப்படுவர். மரம், கொம்பு, எலும்பு முதலிய வன்பொருள்களில் செய்வது வன்வினை. தோல், துணி, நூல் முதலிய மென்பொருள்களில் செய்வது மென்வினை. வன்வினை பெரும்பாலும் ஆடவர் கையிலும், மென்வினை பெரும்பாலும் பெண்டிர் கையிலும் இருந்து வந்தன. இன்று அவ்வேலி தளர்ந்து வருகின்றது.

இங்கே நாம் ஊன்றிக் கருதவேண்டியது ஒன்றுண்டு. 'கலை' வேறு, 'கைத்தொழில்' வேறு என்று பிரித்துக் கலையை மேலே வைத்தும் கைத்தொழிலைக் கீழே வைத்தும் பேசும் வழக்கம் மேலை நாட்டில் வேரூன்றியது. சாமியர் மொழியில் அப் பிரிவுக்கே சொல் இல்லை. பயன்படும் பொருள் அழகாகவும் இருத்தல் வேண்டும். அழகான பொருள் பயன்படவும் வேண்டும். இரண்டற்கும் ஒரே சொல் போதும். பிற்காலத்தில் சாமிய ஓவியரும் சிற்பியரும் தம் படைப்புகளை வெளியுலகில் தனித்துச் சுட்டவேண்டிய நிலை வந்தது. 1970களை ஒட்டி, உறவுமொழியாகிய பின்னியத்தின் சொல்லைத் தழுவித் 'தாய்தா' என்னும் சொல்லை அமைத்துக்கொண்டனர். புதுத்தேவைக்குப் புதுச்சொல் கண்டனர். ஆயினும் பழஞ்சொல்லின் இடத்தைப் பறிக்கவில்லை.

பொருளோடு சொல் எவ்வளவு நெருங்கி நிற்கின்றது என்பதற்குச் சான்று தேடித் தொலைவு செல்லவேண்டியதில்லை. பனிமானின் உடலினின்று கிடைப்பவற்றை நாம் தோல், நரம்பு என்று இரு சொல்லில் முடித்துவிடுவோம். சாமியத் தாய்க்கோ காலின் தோல் வேறு; அது 'காமசு'. மயிர் களைந்து மரப்பட்டைச் சாற்றில் பதப்படுத்திய தோல் வேறு, அது 'சிசுதி'. பிரித்து முறுக்கித் தையல் நூலாக்கும் தசைநாண் வேறு, அது 'சுவொத்னா'. ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னும் ஒரு செயல்முறை இருக்கின்றது. அச் சொல்லை அறியாத சிறுமிக்கு அச் செயலைக் கற்பிக்க இயலாது. அச் செயலைச் செய்யாத வீட்டில் அச் சொல் ஒலிக்கவும் ஒலிக்காது. சொல் போனால் தொழில் போகும். தொழில் போனால் சொல் போகும். முந்துவது எதுவாயினும் முடிவு ஒன்றே.

ஒரு கிண்ணம் பிறக்கும் வகை

'குக்சி' என்னும் மரக்கிண்ணத்தை எடுத்துக்கொள்வோம். அவ்வடபுலக் காடுகளில் பிர்ச்சு என்னும் வெண்பட்டை மரம் வளர்கின்றது. அதன் தண்டிலே சிற்சில இடங்களில் கழலை போன்ற புடைப்பு தோன்றும். அப் புடைப்பில் மரத்தின் நார்கள் நேராக ஓடாமல் பின்னிப் பிணைந்து கிடக்கும். ஆதலின் எளிதிற் பிளவாது. துவோயார் அதனைத் தேடிக் கண்டு, வெட்டியெடுத்து, குடைந்து, உப்புநீரில் வேகவைத்து, விரைந்து உலர்ந்தால் வெடிக்குமாதலின் பல கிழமைகள் மெல்ல மெல்ல உலரவிட்டு, பின்னர்ச் செதுக்கி மெருகிடுவார். பிடியில் ஒரு துண்டு பனிமான் கொம்பு பதிப்பதும் உண்டு. அக் கொம்பின்மேல் நுண்கோடுகள் கீறி, அவற்றில் நிறம் தேய்த்து நிரப்புவர். தென்பகுதியார் கீறுவன பெரும்பாலும் கோடும் கட்டமும் ஆகிய வடிவங்கள். வடபகுதியார் கீறுவனவற்றில் பூவும் கொடியும் மிகும். கோலத்தைப் பார்த்தே செய்தவர் எப்பகுதியினர் என்று அறிந்தவர் சொல்லிவிடுவர்.

காலணியைப் பாருங்கள். பனிமானின் கால்தோலால் அதனைத் தைப்பர். அதன் நுனி மேல்நோக்கி வளைந்திருக்கும். அழகுக்காக மட்டும் அமைந்ததன்று அவ்வளைவு. பனிச்சறுக்குக் கட்டையின் வாரில் கால் நழுவாமல் பற்றிக்கொள்ளும் கொக்கி அது. காலுறைக்கு மாற்றாக, வேனிலில் அறுத்து, அடித்து மென்மையாக்கி உலர்த்திய கோரைப்புல்லைக் காலணிக்குள் திணிப்பர். ஈரத்தை உறிஞ்சி வெப்பத்தைக் காக்கும் வல்லமை அதற்குண்டு. காலணியின் வாய்வழியே பனி புகாதபடி, பல நிறத்தில் நெய்த நாடாவைக் கணைக்காலில் சுற்றிக் கட்டுவர். நாடாவின் நிறமும் கோலமும் ஊருக்கு ஊர் வேறுபடும்.

மரவேரைக் கீறி நனைத்துப் பின்னும் கூடைகள் உள. உள்ளே வைத்த உப்பில் ஈரம் ஏறாத அளவுக்கு இறுகப் பின்னிய உப்புக் குடுவையும் அவ்வேரால் ஆவதே. இவ்வேர்ப்பின்னல் ஏறத்தாழ மறைந்துவிடும் நிலையை அடைந்தபோது, சுவீடன் பகுதியைச் சார்ந்த ஆசா கித்தோக்கு என்னும் அம்மையார் 20ஆம் நூற்றாண்டில் அதனை மீட்டெடுத்துத் தம் மகளிர்க்கும் கற்பித்தார். அவ்வாறே வெள்ளீயத்தைக் கொம்பில் இட்ட துளைகளின் வழியே இழுத்து மெல்லிய கம்பியாக்கி, அதனை நூலின்மேல் சுற்றி, தோலிலும் துணியிலும் ஒளிரும் கோலமாகத் தைக்கும் கலையும் அழிவின் விளிம்புவரை சென்று மீண்டது. ஒரு கையும் மற்றொரு கையும் நேரிற் கண்டு கற்ற கலைகள் இவை. இடையில் ஒரு தலைமுறை கைவிட்டாற் போதும். அடுத்த தலைமுறை அருங்காட்சியகத்தின் வாயிலில் நின்று கெஞ்சவேண்டியதுதான்.

உடையே ஊர்ப்பெயர்

சாமியரின் மேலாடைக்குக் 'காக்தி' என்று பெயர். முற்காலத்தில் அது தோலால் ஆனது. பின்னர் வணிகர் கொணர்ந்த கம்பளித் துணியால் தைக்கப்பட்டது. நீலம், சிவப்பு, மஞ்சள், பச்சை ஆகிய நிறங்கள் அதில் விளங்கும். கழுத்துப்பட்டையின் அமைப்பு, நாடாவின் வரிசை, கீழ்விளிம்பின் அகலம், தலையணியின் வடிவம் ஆகியவற்றைக் கண்டு, உடுத்தவர் எவ்வூரினர், எக்குடும்பத்தினர் என்று அறிவர். சில பகுதிகளில் இடைவாரின் பொத்தான் கட்டமாக இருந்தால் மணமானவர், வட்டமாக இருந்தால் மணமாகாதவர் என்று கொள்வர். முன்பின் அறியாத இருவர் பனிவெளியில் எதிர்ப்பட்டால், வாய் திறப்பதற்கு முன்பே உடை பேசிவிடும்.

கம்பளித் துணியும் வெள்ளீயமும் வெள்ளியும் வெளியிலிருந்து வந்தவையாயிற்றே. பின்னர் இஃது எப்படிச் சாமியர்க்கே உரிய கலையாகும் என்று ஒருவர் வினவலாம். நல்ல வினா. வந்த பொருளைத் தம் வெட்டுமுறைக்கும், தம் கோலத்துக்கும், தம் சொல்லுக்கும் அவர்கள் உட்படுத்திக்கொண்டனர். பொருளுக்குத் தாம் உட்படவில்லை. தனித்தன்மை என்பது கதவை அடைத்துக்கொண்டு உள்ளே அமர்வதன்று. வருவதைத் தன் வடிவில் வார்த்துக்கொள்ளும் வலிமையே தனித்தன்மை.

அவ்வலிமையை முறிக்க முயன்ற வரலாறும் உண்டு. வடபகுதிப் பெண்டிர் 'இலாச்சோகாப்பிர்' என்னும் தலையணியை அணிந்து வந்தனர். அதன் பின்புறத்தே மரத்தாலான கொம்பு போன்ற புடைப்பு உயர்ந்து நிற்கும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியளவில் அஃது அணிவாரின்றி மறைந்தது. அக்கொம்பில் பேய் குடியிருக்கின்றது என்று கிறித்துவ நெறியாளர் அச்சுறுத்தியதால் பெண்டிர் அதனைக் கைவிட்டனர் என்று வழிவழியாகச் சொல்லப்படுகின்றது. அண்மையில் அவுத்தி பியெசுகி என்னும் சாமிய ஓவியரும், ஏவா-கிறித்தீனா ஆர்லின் என்னும் தொல்லியல் அறிஞரும் அருங்காட்சியகங்களில் துயின்ற அத் தலையணிகளைத் தேடி ஆராய்ந்து 2020இல் நூலாக வெளியிட்டனர். அதனோடு நில்லாது சாமியப் பெண்டிரைக் கூட்டி, தம் கையாலேயே அதனை மீண்டும் செய்யவும் வழிகண்டனர். பாட்டியர் தலையினின்று இறக்கப்பட்டது பேத்தியர் தலையில் ஏறியது.

எரிந்த பறைகள்

தலையணிக்கு நேர்ந்தது அச்சுறுத்தல். பறைக்கு நேர்ந்தது தீ.

சாமியரின் பழைய வழிபாட்டில் பறைக்குத் தலையாய இடம் உண்டு. மரத்தைக் குடைந்தோ வளைத்தோ உடலமைத்து, பனிமான் தோலைப் போர்த்தி, ஆல்தர் என்னும் மரத்தின் பட்டைச் சாற்றால் அதன்மேல் செந்நிற உருவங்கள் தீட்டுவர். ஞாயிறு, பனிமான், படகு, கூடாரம், தெய்வங்கள் என அவர்தம் உலகம் முழுவதும் அத் தோலின்மேல் இருக்கும். 'நோய்தி' என்னும் குறியாளர் அதனை முழக்குவர். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் கிறித்துவ நெறி பரப்ப வந்தோரும் அரசும் சேர்ந்து பறைகளைக் கைப்பற்றினர்; பலவற்றை எரித்தனர்; சிலவற்றைத் தொலைநகரங்களின் அரும்பொருட் கூடங்களுக்கு அனுப்பினர். சுவீடனின் ஆர்யெப்லோகு என்னும் ஊரில் இலார்சு நீல்சன் என்பவர் பழைய வழிபாட்டை விடாத குற்றத்துக்காக 1693இல் கொல்லப்பட்டு எரிக்கப்பட்டார். அவருடைய பறையும் அத் தீயில் இடப்பட்டது.

நார்வேயின் வடகோடியில் ஆந்தர்சு பவுல்சன் என்னும் முதியவரின் பறை 1691இல் பறிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு வாத்சோ என்னும் ஊரில் அவரை மன்றத்தில் நிறுத்தினர். பறையில் தீட்டிய ஒவ்வோர் உருவத்தின் பொருளையும் அவர் மன்றத்தார்க்கு விளக்கினார். தீர்ப்பு வருமுன்னரே, காவலில் இருந்தபோது மனநலங் குன்றிய ஒருவனால் வெட்டிக் கொல்லப்பட்டார். பறையோ தென்மார்க்கு நாட்டு மன்னரின் அரும்பொருள் தொகுதிக்குச் சென்றது. உடையவர் கல்லறைக்கும் உடைமை கண்ணாடிப் பேழைக்கும் போயின. கொடுமையிலும் ஒரு முரண் பாருங்கள்: அம் முதியவர் தம் உயிர்க்கு அஞ்சிச் சொன்ன சொற்களை மன்றத்தார் எழுதிவைத்தமையாலேயே அப் பறையின் உருவங்கட்கு இன்று பொருள் தெரிகின்றது. சொல் தப்பியதால் பொருள் தப்பியது.

பள்ளியும் போரும்

தீயைவிட மெல்ல எரிப்பது ஒன்றுண்டு. அது தன் மொழியல்லாத மொழியில் பிள்ளையை வளர்க்கும் பள்ளி. நார்வே அரசு 1880இல் பிறப்பித்த ஆணை, சாமியப் பிள்ளைகளுக்கு நார்வே மொழியிலேயே கற்பிக்கவேண்டும் என்றது. தாய்மொழியை இன்றியமையாத இடத்தில் துணைக்கருவியாக மட்டுமே விட்டுவைத்தது. 1902ஆம் ஆண்டின் நிலச்சட்டத்தை ஒட்டிய நெறிமுறை, நார்வே மொழியைப் பேசவும் படிக்கவும் எழுதவும் வல்லார்க்கே வடபுலத்தில் அரசு நிலம் விற்கப்படும் என்றது. சுவீடன் 1913இல் மேய்ப்பர் பிள்ளைகட்கெனத் தனிப்பள்ளிச் சட்டம் இயற்றி, அவர்களைக் குறைந்த கல்வியோடு ஒதுக்கிவைத்தது. 1922இல் உப்சாலாவில் இனவியல் ஆய்வுக்கென அரசு நிறுவனம் ஒன்றை நிறுவி, சாமியரின் மண்டையோட்டை அளந்து பார்த்தது. ஒரு நாடு உருக்கிக் கலக்க முயன்றது. மற்றொரு நாடு ஒதுக்கிப் பிரிக்க முயன்றது. வழி இரண்டு, விளைவு ஒன்று.

இது கைவினையை எவ்வாறு தாக்கிற்று? விடுதிப் பள்ளியில் பிள்ளை நீண்ட திங்கள்களைக் கழித்தது. அக் குளிர்காலத் திங்கள்களே வீட்டில் தைக்கவும் செதுக்கவும் ஏற்ற காலம். தாய் தைக்கும்போது அருகில் அமர மகள் இல்லை. தந்தை செதுக்கும்போது கத்தியை எடுத்துத் தர மகன் இல்லை. கடலோரப் பகுதிகள் பலவற்றில் காக்தி உடுத்தவே நாணும் நிலை தோன்றிற்று, பெட்டிக்குள் போனது, பின்னர்ப் பெட்டியும் போனது. 1944ஆம் ஆண்டின் இறுதியில், பின்வாங்கிய செருமானியப் படை நார்வேயின் வடகோடியையும் பின்லாந்தின் வடபகுதியையும் ஊரூராக எரித்துச் சென்றது. வீடுகளோடு தொட்டில்களும் ஆடைகளும் கருவிகளும் வெந்து நீறாயின. ஆகவேதான் அப்பகுதிப் பழம்பொருள் பலவற்றைத் தெற்கே உள்ள அருங்காட்சியகங்களில் அன்றி வேறெங்கும் காண இயலாமற் போயிற்று.

மீண்டெழுந்த கைகள்

இவ்வளவும் நடந்த பின்னர் அவ்வினம் ஓய்ந்துவிட்டதா? இல்லை. சுவீடனின் யோக்மோக்கு என்னும் ஊரில், 1605ஆம் ஆண்டு முதல் குளிர்காலச் சந்தை கூடிவருகின்றது. மன்னர் வரி தண்டவும் வணிகத்தைத் தம் கைக்குள் வைக்கவும் ஏற்படுத்திய சந்தை அது. இன்று அதே சந்தை, ஆண்டுதோறும் பிப்பிரவரித் திங்களில், சாமியத் துவோயார் கூடித் தம் வினைத்திறத்தை ஒருவர்க்கொருவர் காட்டும் பெருவிழாவாக மாறியுள்ளது. அவ்வூரில் உள்ள சாமியர் கல்வி நிறுவனம் கைவினையைப் பாடமாகக் கற்பிக்கின்றது. நார்வேயின் கவுத்தொக்கெய்னோவில் 1989இல் தோன்றிய சாமியர் உயர்கல்லூரி, துவோச்சியைப் பட்டப்படிப்பாகவும் மேற்பட்டப்படிப்பாகவும் வைத்துள்ளது. குன்வோர் கூத்தோர்ம் அம்மையார் அங்கே துவோச்சிக்கெனவே பேராசிரியராக விளங்கியவர். கைத்தொழில் என்று கீழே வைக்கப்பட்டது பல்கலை மேடையில் ஏறியது. அதுவும் தன் பெயரோடு ஏறியது!

ஆல்தா ஆற்றின் குறுக்கே அணைகட்ட நார்வே அரசு முனைந்தபோது, 1979இல் சாமிய இளைஞர் ஒசுலோவில் நாடாளுமன்றத்தின் முன் தம் மரபுக் கூடாரத்தை அடித்து உண்ணாநோன்பு இருந்தனர். 1981இல் சாமியப் பெண்டிர் பதினால்வர் தலைமையமைச்சரின் அலுவலகத்துள் அமர்ந்து வெளியேற மறுத்தனர். அணை நிற்கவில்லை; 1987இல் அது செயற்படத் தொடங்கியது. ஆனால் அப்போராட்டத்தின் விளைவாகச் சாமியர் உரிமை நாட்டின் வினாவாயிற்று. 1987இல் சாமியர் சட்டம் வந்தது. 1989இல் நார்வேயில் சாமியர் நாடாளுமன்றம் திறக்கப்பட்டது. 1993இல் சுவீடனிலும் 1996இல் பின்லாந்திலும் அவ்வாறே அமைந்தது. தலைநகரத் தெருவில் காக்தி உடுத்து நின்ற இளைஞரைக் கண்ட பின்னர், பெட்டியில் பூட்டிய காக்தியைத் திறந்தெடுத்த குடும்பங்கள் பல. பெட்டியே இல்லாதவர்கள் பழைய ஒளிப்படங்களையும் அருங்காட்சியகப் பொருள்களையும் பார்த்துத் தம் ஊர்க் காக்தியை மீட்டமைத்தனர்.

போலிப் பொருளின் தொல்லையும் சிறிதன்று. பின்லாந்தின் வடபகுதிக்குத் திரளாக வரும் சுற்றுலாவினர்முன், சாமியர் அல்லாதார் காக்தி போன்ற போலி உடையணிந்து வேடங்காட்டிப் பிழைத்தனர். தொலைநாட்டு ஆலைகளில் அச்சிட்ட பொருள்கள் 'சாமியக் கைவினை' என்று விலைபோயின. இதனை எதிர்த்து 1982இல் சாமியர் பேரவை 'சாமி துவோச்சி' என்னும் அடையாளக் குறியை ஏற்படுத்தியது. அக் குறியுள்ள பொருள் சாமியர் ஒருவரால் மரபுமுறை தழுவிச் செய்யப்பட்டது என்பதற்கு அது சான்று. 2018இல் பின்லாந்துச் சாமியர் நாடாளுமன்றம் சுற்றுலாத் தொழிலுக்கு நன்னெறிக் கோட்பாடுகளை வகுத்து, எம் உடையை வேடமாக்காதீர் என்று அறிவுறுத்தியது. பிறர் வாங்குவதை அவர்கள் வெறுக்கவில்லை. குக்சியில் எவரும் பருகலாம். எம் பெயரைச் சொல்லி எம்மை விற்காதீர் என்பதே அவர்தம் கோரிக்கை.

வீடு திரும்பிய பொருள்கள்

ஆந்தர்சு பவுல்சனின் பறைக்கு வருவோம். 1979இல் அது காராசோக்கில் உள்ள சாமியர் அருங்காட்சியகத்துக்குக் கடனாக வந்தது. தம் முன்னோரின் உடைமை தமக்கே கடனாக! நாற்பது ஆண்டுக்கும் மேலாக அந்நிலை நீடித்தது. 2022ஆம் ஆண்டில்தான் தென்மார்க்கு அதன் உரிமையைச் சாமியர்க்கே மீட்டளித்தது. பறிக்கப்பட்டு 331 ஆண்டு கழிந்து அது வீடு சேர்ந்தது.

நார்வேயில் 'போசுதெதெ' என்னும் தென்சாமிச் சொல்லால் ஒரு திட்டம் நடந்தது. 'திரும்ப' என்பது அதன் பொருள். அதன்படி ஒசுலோவின் அருங்காட்சியகங்களில் இருந்த சாமியர் தொகுதியில் ஏறத்தாழச் சரிபாதி, 1,600 அளவிலான பொருள்கள், ஆறு சாமியர் அருங்காட்சியகங்களுக்குத் திருப்பப்படுவதாயிற்று. பின்லாந்தின் நாட்டு அருங்காட்சியகம் தன்னிடமிருந்த 2,200க்கும் மேற்பட்ட பொருள்களை 2021இல் இனாரி ஊரில் உள்ள சாமியர் அருங்காட்சியகத்துக்கு உரிமையாக்கியது.

இதிலும் ஒரு கசப்பு உண்டு. பூச்சி அரிக்காதிருக்க முற்கால அருங்காட்சியகத்தார் பல பொருள்களின்மேல் நச்சு மருந்தைத் தடவிவைத்தனர். ஆகவே, திரும்பிய பாட்டியின் ஆடையைப் பேத்தி உடுத்த இயலாது. கையுறையின்றித் தொடவும் இயலாது. ஆயினும் என்? அவள் பார்க்கலாம்; தையலை எண்ணலாம்; நூலின் முறுக்கை அறியலாம்; வெட்டின் வளைவை வரைந்துகொள்ளலாம்; வீட்டுக்குச் சென்று புதிதாகத் தைத்து உடுத்தலாம். திரும்பி வரவேண்டியது ஆடை மட்டுமன்று, அறிவு என்பதை அவர்கள் நன்குணர்ந்தவர்கள்.

நிலமின்றி வினையில்லை

இறுதியாக ஒன்று. சொல்லும் மீண்டு, கையும் மீண்டு, நிலம் மீளாவிடின் யாது பயன்? கழலை முற்றிய வெண்பட்டை மரம் நிற்கவேண்டும்; கொம்பும் தோலும் தரும் பனிமான் மேயவேண்டும்; கோரைப்புல் அறுக்கும் ஏரிக்கரை இருக்கவேண்டும். கைவினைக்கு வேண்டும் பொருளைக் கடையில் வாங்கலாம் என்பார் அக் கைவினையை அறியாதவர்.

நார்வேயின் போசன் பகுதியில் தென்சாமியரின் குளிர்கால மேய்ச்சல் நிலத்தில் காற்றாலைகள் நாட்டப்பட்டன. 2021 அக்டோபர் 11ஆம் நாள் அந்நாட்டுத் தலைமை முறைமன்றம், அவற்றுக்கு அளித்த இசைவு சாமியரின் பண்பாட்டுரிமையை மீறியது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்புக்குப் பின்னும் காற்றாலைகள் சுழன்றுகொண்டே இருந்தன. ஐந்நூறு நாள் பொறுத்த இளைஞர், 2023 பிப்பிரவரியில் ஒசுலோவின் எரியாற்றல் அமைச்சகத்துள் அமர்ந்தனர். அப்போது அவர்களுள் பலர் தம் காக்தியை உள்வெளியாகப் புரட்டி உடுத்திருந்தனர். தையல் வெளியே, நிறம் உள்ளே. எதிர்ப்பைக் காட்டச் சாமியர் கையாளும் பழைய முறை அது. முழக்க அட்டை எழுதாமலேயே உடையால் பேசினர். அரசு தன் தவற்றுக்கு மன்னிப்புக் கேட்டது. 2023 இறுதியிலும் 2024இலும் மேய்ப்பர் குடும்பங்களோடு உடன்பாடுகள் ஏற்பட்டன. காற்றாலைகள் அகற்றப்படவில்லை. ஆகவே அதனை முழுவெற்றி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் புரட்டி உடுத்த அக் காக்தியின் பொருள், அதனைத் தைக்கும் கை இருந்தமையாலேயே உலகுக்கு விளங்கிற்று. காக்தியே அற்றுப் போயிருந்தால் எதனைப் புரட்டியிருப்பர்?

பெருமக்களே! சாமியரின் துவோச்சியை நாம் வியப்புக்குரிய காட்சிப்பொருளாகக் கொண்டு வீடு செல்லுதல் வேண்டா. மண்டையோட்டை அளந்தவர் சென்றனர். பறையை எரித்தவர் சென்றனர். மொழியைத் தடுத்த ஆணை மறைந்தது. எளிய மரக்கிண்ணமும் கோரைப்புல் திணித்த காலணியும் இன்றும் செய்யப்படுகின்றன. செய்பவர் அவற்றைத் தம் சொல்லாலேயே அழைக்கின்றனர். அவ்வினத்தின் ஆற்றல் படையில் இல்லை, பணத்தில் இல்லை, எண்ணிக்கையிலும் இல்லை. மகளுக்கு ஊசி கோத்துக் கொடுக்கும்போதே அதன் பெயரையும் சொல்லிக் கொடுக்கும் தாயின் கையிலே இருக்கின்றது. அக் கை ஓயாத வரையில் அவ்வினத்தை எந்தப் பேழைக்குள்ளும் எவரும் அடைத்துவிட இயலாது.